வான் டைக் உட்கார்ந்தா எந்திரிக்க யாரு இருக்கா? (லிவர்பூல் ரசிகர்கள் பேச்சு, ஆகஸ்ட் 2025)

ஆன்ஃபீல்டு பக்தன்:
ஞாயித்துக்கிழமை நம்ம லிவர்பூல் ஆடின கம்யூனிட்டி ஷீல்டு (சீசன் தொடக்கக் கோப்பை மேட்ச்) பார்த்ததுலேருந்து மனசே சரியில்ல. கிரிஸ்டல் பேலஸ்கிட்ட பெனால்டில தோத்தது இல்ல விஷயம். ரெண்டு தடவ லீடு எடுத்தும் 2-2ன்னு விட்டோமே, அது. வெள்ளிக்கிழமை போர்ன்மவுத்தோட லீக் ஆரம்பம். சீனியர் சென்டர் பேக்கை (நடு டிஃபெண்டர்) விரல் விட்டு எண்ணுங்க: வான் டைக், கொனாத்தே, கோமஸ். மூணு விரல் போதும். குவான்சாவை லெவர்குசனுக்கு வித்தாச்சு. வான் டைக்குக்கு 34 வயசு. கோமஸ் டிசம்பர்ல வெஸ்ட் ஹாம் மேட்ச்ல ஹாம்ஸ்ட்ரிங் (தொடைத் தசை) பிடிச்சுப் போனாரு, பிப்ரவரில பிளிமத்துல திரும்பி வந்தாரு, உடம்பு சூடாகறதுக்குள்ள மறுபடி வெளிய. விர்ட்ஸ், எகிடிகேன்னு முன்னாடி அள்ளிக் கொட்டியாச்சு, பின்னாடி?

கணக்குப்புலி:
போன ஆகஸ்ட்லயும் இதே ஒப்பாரிதான். அந்த சீசனுக்குப் புதுசா வந்து சேர்ந்தது சியேசா ஒருத்தர். என்னாச்சு? 84 பாயின்ட், ரெண்டாவது வந்த ஆர்சனலைவிட பத்து அதிகம்.

ஆன்ஃபீல்டு பக்தன்:
அது அதிர்ஷ்டம் ப்ரோ. 38 லீக் மேட்ச்ல சலா 38, வான் டைக் 37. வருஷா வருஷம் இப்படி அமையுமா? அதுக்கும் விலை கொடுத்தோம். மார்ச்ல செவ்வாய்க்கிழமை சாம்பியன்ஸ் லீக்லேருந்து பிஎஸ்ஜி பெனால்டில வெளிய அனுப்பினான். அந்த ஞாயித்துக்கிழமை வெம்ப்ளில லீக் கப் ஃபைனல், நியூகாசில்கிட்ட 2-1 தோல்வி. அந்த ஃபைனல்ல நம்மாளுங்க கால் ஓடவே இல்ல.

பழைய கை:
2020-21 யாருக்கும் ஞாபகம் இல்லையா? அக்டோபர்ல எவர்ட்டன் மேட்ச்ல வான் டைக் முட்டி போச்சு. நவம்பர்ல இங்கிலாந்து கேம்ப்ல கோமஸ். ஜனவரில மாட்டிப். ஃபாபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னாடி இழுத்ததுல மிட்ஃபீல்டும் சேர்ந்து படுத்துச்சு. ஓட்டை ஒரு இடத்துல, கப்பல் முழுக்கத் தண்ணி. நம்ம சொந்த மைதானம் ஆன்ஃபீல்டுலயே வரிசையா ஆறு லீக் தோல்வி. ஜனவரி டிரான்ஸ்ஃபர் விண்டோவோட கடைசி நாள்ல அவசர அவசரமா ரெண்டு பேரைப் பிடிச்சாங்க. அதுல பென் டேவிஸ் நமக்காக ஒரு மேட்ச் கூட ஆடல. கடைசி நேரத்துல கடைக்குப் போனா கிடைக்கறது இதுதான்.

கணக்குப்புலி:
முழுசா சொல்லுங்கண்ணே. அந்த சீசன்ல மூணாவது இடம் வந்தோம். கடைசி வாரங்கள்ல பின்னாடி நின்னது நேட் பிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும்.

அப்புறம், நாலாவது ஆளா உட்கார எவன் வருவான்? குவான்சாவையே பாருங்க. போன சீசன் முதல் மேட்ச்ல, இப்ஸ்விச்ல, ஹாஃப் டைம்ல கோச் ஸ்லாட் எடுத்துட்டாரு. அதுக்கப்புறம் பையன் பெரும்பாலும் பெஞ்ச்தான். 22 வயசுல யாரு பொறுத்துக்குவா? ஆள் சேர்க்கறது சுலபம், சும்மா வச்சிருக்கறதுதான் கஷ்டம்.

சிவப்பு மஃப்ளர்:
முன்வரிசையையும் பேசணும். டியாஸ் பேயர்னுக்கு, நுன்யெஸ் சவுதிக்கு. டிசம்பர்ல ஆஃப்ரிக்கா கோப்பைக்கு சலா கிளம்பிடுவாரு. கார் விபத்துல இறந்துபோன ஜோட்டாவைப் பத்தி... அவர் இடத்தை 'காலி'ன்னு எழுத எனக்குக் கை வரல. 20-ம் நம்பரை இனி யாருக்கும் தரமாட்டாங்க, அது போதும்.

பழைய கை:
ஆமா. அதை இந்தக் கணக்குல சேர்க்க வேண்டாம்.

ஆன்ஃபீல்டு பக்தன்:
கணக்குப்புலி, நாலாவது ஆள்னு நான் சொல்லவே இல்லையே. கொனாத்தே கான்ட்ராக்ட் 2026ல முடியுது, இன்னும் கையெழுத்து போடல. அப்ப வர்றவன் நாளைக்கு முதல் பதினொண்ணுல நிக்கப் போறவன். பேலஸ் கேப்டன், சென்டர் பேக் கேஹிக்கும் அங்க கான்ட்ராக்ட் 2026 வரைக்கும்தான். ஞாயித்துக்கிழமை ஷீல்டைத் தூக்கினதே அவர்தான், நம்ம கண்ணு முன்னாடி! இங்கிலீஷ் பையன், ஹோம்குரோன் (உள்ளூர்ல வளர்ந்த ஆளுங்க) கணக்குலயும் சேருவாரு.

கணக்குப்புலி:
சரி, கேஹி வந்தா நான் வேணாம்னு சொல்லப் போறதில்ல. ஆனா வரலன்னா சீசனே போச்சுன்னு அழறதைத்தான் ஏத்துக்க முடியல. எண்டோ இருக்காரு, அவசரத்துக்கு கிராவன்பெர்க்கும் பின்னாடி இறங்குவாரு.

பழைய கை:
மிட்ஃபீல்டரைப் பின்னாடி இறக்கறதா? தம்பி, ஃபாபின்யோ கதையை இப்பத்தானே சொன்னேன்.

ஆன்ஃபீல்டு பக்தன்:
வெள்ளிக்கிழமை டீம் ஷீட் வந்ததும் பெஞ்ச்ல ஒன்பது பேரைப் பாருங்க. சென்டர் பேக் எத்தனைன்னு எண்ணிட்டு வந்து எழுதுங்க. நான் இங்கயேதான் இருப்பேன்.