பந்தயத் தடத்திலும் டிரெய்லரிலும் டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவி: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

இரட்டைஅச்சு எழுதியது:

டிரெய்லரில் காரை ஏற்றிச் சென்று, பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டு, மீண்டும் அதே டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு திரும்புகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். தனியாக வாங்கிப் பொருத்தும் டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவியை நான் இரண்டிலும் பயன்படுத்துகிறேன். தடத்தில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதற்காகவும், டிரெய்லரில் எந்த டயரில் காற்று இறங்குகிறது என்பதற்காகவும் அதைப் பார்க்கிறோம். நோக்கம் வேறு என்றாலும், கருவி காட்டும் எண்ணைவிட அது பக்கத்து டயரின் எண்ணிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதையே கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காரணமான நிகழ்வைச் சொல்கிறேன்.

என் டிரெய்லர் இரண்டு அச்சுகள் கொண்டது. நான்கு டயர்களுக்கும் குளிர்ந்த நிலையில் 65 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) காற்று நிரப்பி, 55க்குக் கீழே இறங்கினால் அலாரம் அடிக்குமாறு வைத்திருந்தேன். நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓடிய பிறகு மூன்று டயர்கள் 71, 72 என்று காட்டின. வலப்பக்கப் பின் டயர் மட்டும் 66 காட்டியது. அலாரம் அடிக்கவில்லை. அடிப்பதற்கு முகாந்திரமும் இல்லை, ஏனென்றால் புறப்பட்டபோது இருந்ததைவிட ஒரு பிஎஸ்ஐ கூடுதலாகவே இருந்தது. ஆயினும் மூன்று டயர்கள் சூடேறி ஆறேழு பிஎஸ்ஐ ஏறியிருக்கும்போது நான்காவது மட்டும் ஏறாமல் நிற்கிறதென்றால், ஏற வேண்டிய அந்தக் காற்று எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். நிறுத்திப் பார்த்தபோது, சாலையைத் தொடும் டயர்ப் பட்டையில் ஒரு திருகாணி ஏறியிருந்தது. கசிவு மிக மெதுவானது என்பதால், சூட்டினால் ஏறிய அழுத்தம் அதை முழுமையாக மறைத்துவிட்டிருந்தது.

கணக்கும் இதையே சொல்கிறது. மூடிய கொள்ளளவில் உள்ள காற்றின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு (செல்சியஸ் எண்ணோடு 273 கூட்டிய அளவு) நேர்விகிதத்தில் மாறும். 65 பிஎஸ்ஐ என்று மானி காட்டும்போது, வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் டயருக்குள் ஏறத்தாழ 80 பிஎஸ்ஐ இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று 25 டிகிரி செல்சியசிலிருந்து 50 டிகிரிக்குப் போனால் மானியில் 72க்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும். அந்த ஏற்றத்தைக் காட்டாத டயரை, அலாரம் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், சந்தேகிக்க வேண்டும்.

காரில் ஒரு டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், இருக்கையில் அதிர்வு தெரியும். இரட்டை அச்சு டிரெய்லரில் அப்படி எந்த அறிகுறியும் முன்னால் இருக்கும் ஓட்டுநரை எட்டுவதில்லை. காற்று இறங்கிய டயரின் சுமையை அதே பக்கத்து அடுத்த டயர் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். இறங்கிய டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து நிமிர்வதால் சூடேறிக் கிழியும். கிழிந்த பட்டை சக்கரத்தோடு சுழன்று மட்கார்டையும் விளக்குக் கம்பிகளையும் பிய்த்தெறியும். கூடுதல் சுமையைத் தாங்கிய அடுத்த டயரும் நீண்ட நேரம் நிற்காது. டிரெய்லருக்கென்றே செய்யப்பட்ட டயர்கள் பலவற்றின் வேக வரம்பு மணிக்கு 105 கிலோமீட்டர்தான் என்பதையும், நம்மில் பலர் அதை மதிப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கருவி முதலில் பொருத்தப்பட வேண்டிய இடம் டிரெய்லர்தான் என்பேன்.

சுற்றுநேரம் எழுதியது:

டிரெய்லருக்கு நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. தடத்துக்கு வந்தால், எந்த வகைச் சென்சார் (ஒவ்வொரு சக்கரத்திலும் இருந்து அளந்து டிஸ்பிளேக்கு எண்ணை அனுப்பும் பகுதி) என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம். வால்வின் மேல் மூடியைப் போலத் திருகும் சென்சாரைத் தடத்தில் பயன்படுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மூடி வகைச் சென்சாரின் எடை சுமார் 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். டயரின் ஆரம் 32 சென்டிமீட்டர், வால்வின் முனை சக்கரத்தின் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது என்றும் கொள்வோம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அந்த முனையில் புவியீர்ப்பைப்போல 600 மடங்குக்கும் அதிகமான முடுக்கம் உண்டாகிறது. அதாவது அந்தப் 10 கிராம் சென்சார் ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வால்வை வெளிப்புறமாக இழுக்கிறது. ரப்பர் வால்வாக இருந்தால் அது வளைந்து, ரிம்மின் துளையோரத்தில் காற்று கசியத் தொடங்கும். வேகம் குறைந்ததும் வால்வு நிமிர்ந்துகொள்வதால் பிட்டில் (தடத்தோரம் காரை நிறுத்திச் சரிபார்க்கும் இடத்தில்) எவ்வளவு தேடினாலும் கசிவு அகப்படாது. நண்பர் ஒருவரின் காரில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்: நேர்கோட்டுப் பகுதியில் அழுத்தம் குறையும், பிட்டுக்கு வந்தால் குறைவது நிற்கும். நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வுக்கு மாற்றிய பிறகே அது தீர்ந்தது. மூடி வகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது வால்வின் உள்ளூசியை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கிறது. எனவே சென்சாருக்குள் இருக்கும் சிறிய ரப்பர் வளையம் ஒன்றுதான் டயரின் காற்றைக் காக்கிறது.

ரிம்முக்குள் பொருத்தும் சென்சார் இந்தத் தொல்லைகளைத் தராது. டயருக்குள் இருக்கும் காற்றின் உண்மையான வெப்பநிலையையும் அதுவே அளக்கும். மூடி வகை காட்டுவது வெளிக்காற்று வீசிக் குளிர்ந்துபோன வால்வு முனையின் வெப்பநிலையைத்தான். இருந்தாலும் இரண்டு வகையுமே டயர் பட்டையின் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. பட்டையின் உள், நடு, வெளிப் பகுதிகளின் சூட்டை அறிய ஊசி முனையுள்ள வெப்பமானியைக் குத்திப் பார்ப்பதுதான் வழி. கருவியில் வெப்பநிலை தெரிகிறதே என்று அதை வைத்துக்கொண்டு கேம்பரை (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணத்தை) திருத்த முயல்வது வீண் வேலை.

தடத்தில் கருவியால் எனக்குக் கிடைத்த பெரிய பயன், பிட்டில் காற்றழுத்த மானியோடு நடந்த ஓட்டப்பந்தயம் முடிவுக்கு வந்ததுதான். முன்பெல்லாம் கடைசிச் சுற்றை முடித்து, மெதுவாக உள்ளே வந்து, நிறுத்தி, மானியை எடுப்பதற்குள் டயர்கள் குளிரத் தொடங்கியிருக்கும்; முதலில் பார்த்த டயருக்கும் கடைசியில் பார்த்த டயருக்கும் இடையே கிடைக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தாமதம் என்று பிரித்தறிய முடியாது. இப்போது ஓட்டத்தின் நடுவிலேயே எண்கள் பதிவாகின்றன. 20 டிகிரியில் 26 பிஎஸ்ஐயோடு புறப்படும் டயரின் காற்று 80 டிகிரியைத் தொடும்போது 34ஐத் தாண்டுகிறது. கடிகார முள் திசையில் சுற்றும் தடத்தில் வலப்பக்க வளைவுகள் அதிகம் என்பதால் சுமை இடப்பக்கம் சாய்கிறது. இடப்பக்க முன் டயர் மற்றவற்றைவிட அதிகம் ஏறுகிறது. ஆகவே குளிர்ந்த நிலையில் நான்கையும் சமமாக நிரப்பாமல், இடப்பக்கத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறேன். சூடான நிலையில் சமமாக வர வேண்டும் என்பதுதானே நோக்கம்.

ஒரு எச்சரிக்கை: சூடான டயரிலிருந்து காற்றைக் குறைத்துவிட்டு, மறுநாள் காலையில் அப்படியே சாலையில் எடுத்துச் செல்லாதீர்கள். குளிர்ந்த பிறகு அது சாலைக்குரிய அளவைவிட மிகக் கீழே போயிருக்கும்.

பழையரிம் எழுதியது:

தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் கருவி போதாதா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் டிரெட் என்ற வாகனப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். 32 பிஎஸ்ஐ பரிந்துரைக்கப்பட்ட காரில் அது 24. தடத்துக்காகக் குளிர்ந்த நிலையில் 24 அல்லது அதற்கும் கீழே வைப்பவர்களுக்கு, டயர் சூடேறும் வரை ஒவ்வொரு முறையும் அந்த விளக்கு எரியும். கவனிக்கவே தோன்றாத அளவுக்குப் பழகிவிடும். தடத்துக்கென்று வைத்திருக்கும் தனி ரிம்களில் சென்சார் இல்லாததால், அசல் சென்சார்கள் நான்கையும் இரண்டு முனையும் அடைத்த பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, அதில் காற்று ஏற்றி, பின்பெட்டியில் வைத்து விளக்கை அணைப்பவர்களும் இருக்கிறார்கள். வேடிக்கையான ஏற்பாடு; ஆனால் அந்தக் குழாயை எடுக்காமல் சாலையில் ஓட்டினால், டயரில் காற்றே இல்லாவிட்டாலும் எல்லாம் நலம் என்றுதான் கார் சொல்லும். காரின் பின்னால் இழுக்கும் சிறிய டிரெய்லர்களுக்கோ அந்த விதி பொருந்தாது. அங்கே நாமே வாங்கிப் பொருத்தினால்தான் உண்டு.

கொக்கிவளையம் எழுதியது:

சுற்றுநேரம் அவர்களின் கருத்தோடு ஓரளவு மாறுபடுகிறேன். தடத்துக்கு மூடி வகை வேண்டாம் என்பது சரி. டிரெய்லருக்கு அதுவே போதும். டயரைக் கழற்ற வேண்டியதில்லை, பேட்டரியை நாமே மாற்றலாம். ரிம்முக்குள் இருக்கும் சென்சாரில் பேட்டரி அடைத்து மூடப்பட்டிருப்பதால், சில ஆண்டுகளில் அது தீர்ந்ததும் சென்சாரையே மாற்ற வேண்டும். டயர் கழற்றுபவரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் இயந்திரத்தில் நசுங்கவும் கூடும். ஆனால் டிரெய்லரிலும் உலோக வால்வு கட்டாயம். பரவலாகக் கிடைக்கும் சாதாரண ரப்பர் வால்வின் உச்ச வரம்பே 65 பிஎஸ்ஐதான். 80 பிஎஸ்ஐ நிரப்பும் டயரில் அதைப் போட்டு, அதன்மேல் சென்சாரையும் திருகுவது ஆபத்தை அழைப்பதாகும்.

வாங்கிய புதிதில் பலருக்கும் வரும் குறை சமிக்ஞை விட்டுவிட்டு வருவதுதான். சென்சார் சமிக்ஞையை அனுப்பும் சக்தி மிகக் குறைவு. நீண்ட டிரெய்லரின் பின் அச்சிலிருந்து, இடையில் நிற்கும் கார், இரும்புத் தளம், இழுக்கும் வண்டியின் உடல் எல்லாவற்றையும் கடந்து அது டிஸ்பிளேயை எட்ட வேண்டும். டிரெய்லரின் முன்பகுதியில் சமிக்ஞையை வாங்கி மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வைத்த பிறகு எனக்கு அந்தத் தொல்லை இல்லை. டிஸ்பிளேயில் எண் தெரிகிறது என்பதற்காக அது இந்த நொடியின் எண் என்று நம்பிவிடாதீர்கள். தொடர்பு அறுந்த பிறகும் சில கருவிகள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: அலுமினிய வால்வின் மேல் பித்தளை மரையுள்ள சென்சாரைத் திருகி, மழையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் விட்டால், இரண்டு உலோகங்களும் அரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு கழற்ற முயன்றால் வால்வே முறிந்து கையோடு வரும்.

உச்சிவளைவு எழுதியது:

டிரெய்லரில் வெப்பநிலை எண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை போலிருக்கிறது. என் டிரெய்லரில் ஒரு சக்கரம் மட்டும் மற்ற மூன்றையும்விட 15 டிகிரி அதிகம் காட்டியது. அழுத்தமும் அதற்கேற்ப ஏறியிருந்தது, கசிவும் இல்லை. நிறுத்தி, கையைச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் கொண்டுபோனபோதே அனல் அடித்தது. பிரேக் விடுபடாமல் டிரம்மோடு உரசிக்கொண்டிருந்தது. கிரீஸ் வற்றிய பேரிங்கும் இதே அறிகுறியைத்தான் காட்டும் என்று பழுதுபார்த்தவர் சொன்னார்.

இரட்டைஅச்சு எழுதியது:

நல்ல தகவல்கள், நன்றி. வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கையும் சேர்த்துவிடுகிறேன். வெயிலில் நிறுத்தியிருந்த டிரெய்லரில் வெயில் பட்ட பக்கத்து டயர்கள் நிழல் பக்கத்தைவிட மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து வெயில் பக்கத்தில் காற்றைக் குறைக்கக் கூடாது. காற்று நிரப்புவதும் அளப்பதும் விடியற்காலையில், நான்கு டயர்களும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது நடக்க வேண்டும். அதே மானியை எப்போதும் பயன்படுத்தி, அதற்கும் ஒவ்வொரு சென்சாருக்கும் உள்ள நிலையான வேறுபாட்டை ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ மாறுபாடு இந்த விலையில் கிடைக்கும் சென்சார்களுக்கு இயல்பானது.

மலைப்பகுதியில் உள்ள தடங்களுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். சில சென்சார்கள் வளிமண்டலத்தையும் சேர்த்த மொத்த அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து கடல்மட்டத்துக்குரிய 14.7 பிஎஸ்ஐயைக் கழித்துக் காட்டுகின்றன. 1500 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் 12.3 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும் என்பதால், அங்கே அவை கைமானி காட்டுவதைவிட இரண்டரை பிஎஸ்ஐ வரை குறைத்துக் காட்டும். நான்கு டயர்களும் ஒரே அளவில் குறைந்து தெரிந்தால் காற்று நிரப்பத் தொடங்குவதற்கு முன் கைமானியை வைத்துப் பாருங்கள்.