சொந்த மனையில் வீடு கட்டக் கடன்: வங்கியா, வீட்டுக்கடன் நிறுவனமா, நகரக் கூட்டுறவு வங்கியா?

அம்பை செவிலி:

வணக்கம். திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக வேலை செய்கிறேன். வயது 34. பிடித்தம் போக மாதம் 31,000 ரூபாய் கைக்கு வரும். கணவர் அம்பாசமுத்திரத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மாதத்தில் 25,000 நிற்கும், மழைக்காலத்தில் பாதிகூட வராது. அவர் இதுவரை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ததில்லை.

ஊருக்கு வெளியே எங்களுக்கு ஐந்து சென்ட் மனை இருக்கிறது. மாமனார் 1998-இல் வாங்கியது. அவர் 2014-இல் காலமானார். பட்டா மாமியார் பெயரில் மாறிவிட்டது. அதில் 900 சதுர அடியில் ஒரு வீடு கட்ட வேண்டும். கொத்தனார் சதுர அடிக்கு 2,400 சொல்கிறார். ஆழ்துளைக் கிணறு, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர் எல்லாம் சேர்த்தால் 26 லட்சம் ஆகிவிடும். பத்து வருடமாகச் சேர்த்த 6 லட்சம் கையில் இருக்கிறது. மீதி 20 லட்சத்துக்குக் கடன் வேண்டும்.

மூன்று இடங்களில் கேட்டிருக்கிறேன். சம்பளம் வரும் பொதுத்துறை வங்கியில் 8 சதவீதம், மாறும் வட்டி. ஆனால் கணவரின் வருமானத்துக்குச் சான்று இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஸ்கூட்டர் கடனுக்கு மாதம் 2,400 போவதையும் கழித்துவிட்டு, 20 வருடத் தவணைக்கு 15 லட்சத்துக்கு மேல் முடியாது என்றார்கள். வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றின் முகவர் இரண்டு முறை வீட்டுக்கே வந்தார். பட்டறையைப் பார்த்துவிட்டு, முழு 20 லட்சமும் பத்து நாளில் கிடைக்கும் என்கிறார். வட்டி 10 சதவீதம். எங்கள் ஊர் நகரக் கூட்டுறவு வங்கியில் மாமியார் நீண்ட கால உறுப்பினர். அங்கே 9.5 சதவீதம், ஆவணங்களைக் கொண்டு வாருங்கள் பார்க்கலாம் என்றார்கள்.

"நிறுவனத்திலேயே வாங்கிவிடு தாயே, கிரகப்பிரவேசத்தை நான் கண்ணால் பார்த்துவிட்டால் போதும்" என்கிறார் மாமியார். அவருக்கு 67 வயது. அந்தச் சொல் மனத்தை அறுக்கிறது. ஆனால் அவசரப்பட்டு இருபது வருடத்துக்கு மாட்டிக்கொள்ளவும் பயமாக இருக்கிறது. கட்டியவர்கள் சொல்லுங்கள்.

தென்காசியான்:

சகோதரி, நான் 2021-இல் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றில் 18 லட்சம் வாங்கிக் கட்டினேன். வட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் மூன்று இடத்திலும் கேட்க வேண்டியது, பணம் எப்போது, எத்தனை பகுதியாக வரும் என்பதை. கட்டிய வீட்டை வாங்குகிறவருக்கு ஒரே காசோலையில் வேலை முடிந்துவிடும். நம் நிலை அப்படி இல்லை. சுவர் எழும்ப எழும்பத்தான் பணம் வரும்.

எனக்கு நான்கு பகுதி என்று எழுதிக் கொடுத்தார்கள்: பேஸ்மெண்ட் (தரைமட்டத்துக்கு மேல் எழும் அடித்தளம்), லிண்டல் (கதவு ஜன்னல்களுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), கூரை, பூச்சு வேலை. "உங்கள் பங்குப் பணம் முதலில் மண்ணில் இறங்கிய பிறகுதான் எங்கள் பணம்" என்று வாய்மொழியாகச் சொன்னபோது அதன் கனம் எனக்குப் புரியவில்லை. எங்களுடையது கரிசல் மண். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால் கெட்டி மண் கிடைக்கவே ஐந்தரை அடி போக வேண்டியிருந்தது. கையிலிருந்த நான்கு லட்சமும் தரைமட்டம் வருவதற்குள் தீர்ந்தது. மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் பேஸ்மெண்டைத் தொட்டேன்.

லிண்டல் முடிந்தது அக்டோபரில். கூரைக்கான பணத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் பட்டியலில் இருந்த பொறியாளர் வந்து பார்க்க 24 நாள். அவருடைய அறிக்கை மதுரைக்குப் போய்த் திரும்ப இன்னும் 12 நாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த 2021 நவம்பர் மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பலகையும் முட்டும் வந்து இறங்கிவிட்டன, நாள் வாடகை ஓடுகிறது, கம்பி நனைந்து துரு ஏறுகிறது, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். வாங்கிய பகுதிக்கு மாதா மாதம் வட்டியும் கட்டினேன், குடியிருந்த வீட்டுக்கு வாடகையும் கட்டினேன். இரவில் போய் அந்த மொட்டைச் சுவர்களுக்கு நடுவே நிற்பேன். அந்த 36 நாளில் எனக்கு ஆன செலவு, அரை சதவீத வட்டிக்காக நான் வாரக்கணக்கில் பேரம் பேசிய பணத்தைவிடப் பெரியது.

அதனால் மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். பொறியாளர் உள்ளூர்க்காரரா, எத்தனை நாளில் வருவார், பணம் விடுவிக்கும் அதிகாரம் இந்தக் கிளைக்கே உண்டா, ஒவ்வொரு பகுதிக்கும் பார்வைக் கட்டணம் தனியா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கிளையில் சமீபத்தில் கடன் வாங்கிக் கட்டிய இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அடுத்து, கடனுக்காகப் பொறியாளர் போடும் மதிப்பீட்டில் ஆழ்துளைக் கிணறு, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், மின் இணைப்பு எல்லாம் இடம்பெற வேண்டும். என் மதிப்பீட்டில் கட்டடம் மட்டும்தான் இருந்தது. சுற்றுச்சுவர் இன்றுவரை எழும்பவில்லை.

இப்போது வட்டி. 8.4 சதவீதத்தில் தொடங்கினேன், தவணை 15,500. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. என் வட்டி 10-ஐத் தொட்டது. தவணைத் தொகையை ஏற்றவில்லை, காலத்தை நீட்டிவிட்டார்கள். ஒரு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தால் 14,600 வட்டிக்கே போயிருந்தது. அசலில் கழிந்தது 900 ரூபாய். 2025-இல் ரெப்போ ஒன்றே கால் சதவீதம் இறங்கியபோது வங்கியில் கடன் வாங்கிய என் தம்பிக்குத் தானாகவே குறைந்தது. எனக்கு நான் எழுதிக் கேட்டு, மாற்றுக் கட்டணமும் கட்டிய பிறகுதான் குறைத்தார்கள்.

ஓய்வுபெற்ற கடன் அதிகாரி:

அம்மா, 31 வருடம் வங்கிப் பணியில் இருந்தேன், அதில் பாதிக் காலம் கடன் பிரிவில். நீங்கள் வங்கியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் உறுத்தியது மனையின் உரிமைதான்.

பத்திரம் மாமனார் பெயரில் இருக்கிறது. பட்டா மாமியார் பெயரில் மாறியிருப்பதால் மனை அவருடையது ஆகிவிடாது. மாமனார் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. உங்கள் கணவருக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா? இருந்தால் அவர்களும் மாமியாரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக உங்கள் கணவருக்கு விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் எந்த வங்கியின் வழக்கறிஞரும் கையெழுத்துப் போடமாட்டார். பத்து நாளில் பணம் என்று சொல்கிற முகவர் இதைக் கேட்டாரா? கேட்கவில்லையென்றால், கட்டணம் வாங்கிய பிறகு கேட்பார்கள். முதலில் பத்திரம், பிறகு உங்கள் கணவர் பெயரில் பட்டா, அதன்பின் அவர் பெயரில் கட்டட அனுமதி, கடைசியில் கடன். வரிசை மாறினால் ஒவ்வொன்றையும் இரண்டாவது முறை செய்ய நேரும். அனுமதியைப் பற்றிக் கவலை வேண்டாம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடிதான்.

இனி தொகை. வங்கி 15 லட்சத்தில் நின்றதற்குக் காரணம், உங்கள் சம்பளத்தில் பாதியை, அதாவது 15,500-ஐத் தவணைக்கு உச்ச அளவாக வைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டர் கடனை முதலில் அடைத்துவிட்டு, 25 வருடத் தவணை கேளுங்கள். உங்கள் வயதுக்கு 60-க்குள் முடிகிறது, பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். 8 சதவீதத்தில் 20 லட்சத்துக்கு 25 வருடத் தவணை 15,436 ரூபாய். அந்த வரம்புக்குள் அடங்குகிறது. கணவரைச் சொத்தின் உரிமையாளர் என்ற முறையில் இணைக் கடனாளியாகச் சேர்ப்பார்கள்.

25 வருடமா என்று மலைக்க வேண்டாம். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி வந்தால், வட்டி இதே அளவில் இருக்கும்வரை, கடன் 18 வருடம் சொச்சத்தில் முடிந்துவிடும். நிறுவனத்தில் 10 சதவீதத்துக்கு 20 வருடத் தவணை 19,300. மழைக்காலத்தில் பட்டறை ஓடாத மாதத்தில் 19,300 கட்டியே தீர வேண்டும். வங்கியில் அந்த மாதம் 15,436-ஓடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் வீட்டு வருமானத்தின் ஏற்ற இறக்கத்துக்கு இது பொருந்துகிறது.

தென்காசிக்காரர் சொன்ன வட்டிக் கதைக்குக் காரணம் உண்டு. 2019 அக்டோபர் முதல் வணிக வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன், ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்தியாக வேண்டும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களைக் கேட்க வேண்டும் என்பது 2023-இல் வந்த விதி. அப்படிக் கேட்டுக் கடிதம் வந்தால் தவணையைக் கூட்டுங்கள் என்று பதில் எழுதுங்கள்.

எங்கே வாங்கினாலும் முக்கிய விவர அறிக்கையை வாங்கிப் படியுங்கள். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். ஒற்றைத் தவணைக் காப்பீட்டைக் கடனோடு சேர்த்துவிடப் பார்ப்பார்கள். குடும்பத்துக்குக் காப்பீடு அவசியம்தான். அதைத் தனியாக, டேர்ம் காப்பீடாக (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுத்தால் அந்தப் பிரீமியத்துக்கும் சேர்த்து 25 வருடம் வட்டி கட்ட வேண்டியிராது.

மனை நகர எல்லைக்குள் வந்தால் இன்னொன்றும் கேளுங்கள். பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0-இல், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள் இருந்து, வேறு எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாதவர்களுக்கு, ஐந்து ஆண்டுத் தவணையாக 1.80 லட்சம் வரை வட்டி மானியம் உண்டு.

கல்லிடை அக்கா:

தங்கச்சி, கூட்டுறவு வங்கியில் வாங்கியவள் நான். மாடி எடுக்க 10 லட்சம். வட்டி கூடுதல்தான். அதோடு 25,000 ரூபாயைப் பங்குத்தொகையாகப் பிடித்துக்கொண்டார்கள், அதற்கு ஈவுத்தொகை வருகிறது. ஆனால் தென்காசி அண்ணன் பட்ட பாடு எனக்கு இல்லை. காலையில் போய்ச் சொன்னால் மறுநாளே பொறியாளர் மாடியில் நிற்பார். கூரை போட்ட வாரத்திலேயே அடுத்த பகுதி வந்துவிட்டது. இங்கே எல்லோரும் முகம் தெரிந்தவர்கள்.

20 லட்சத்துக்கு ஒன்றரை சதவீத வித்தியாசம் பெரிய பணம், உன்னை இழுக்க மாட்டேன். வங்கியில் 16, 17 லட்சத்தோடு நின்றுவிட்டால், மீதிக்காக நிறுவனத்துக்குப் போகாதே. சுற்றுச்சுவரையும் வெளிப்பூச்சையும் தள்ளிப் போடு. நாங்கள் மூன்று வருடம் பூசாத சுவரோடுதான் இருந்தோம், மழை உள்ளே வரவில்லை.

அம்பை செவிலி:

மூவருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் கேட்டது சரி. கணவருக்கு ஓர் அக்கா இருக்கிறார், தூத்துக்குடியில். உயில் இல்லை. முகவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கட்டணத்துக்குக் காசோலை மட்டும் கேட்டிருந்தார். கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் மாமியாரை அழைத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனோம். உங்கள் பங்கு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று நானே கேட்டேன். மறைத்துக் கையெழுத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா வாங்கிய இடத்தில் தம்பி வீடு கட்டுகிறான், எனக்கு அங்கே ஓர் அறை என்றைக்கும் இருக்க வேண்டும்" என்றார். அடுத்த மாதம் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வரைபடத்தில் பின்பக்க அறையை இரண்டடி நீட்டச் சொல்லிவிட்டேன்.

ஸ்கூட்டர் கடனில் பாக்கி 19,000 ரூபாய், இந்தச் சம்பளத்தில் அடைக்கிறேன். வங்கியில் 25 வருடத்துக்குக் கேட்டேன், எழுதித் தரச் சொன்னார்கள். பொறியாளர் அம்பாசமுத்திரத்துக்காரர்தானாம். சமீபத்தில் கட்டிய ஒருவரிடமும் பேசினேன், அவருக்கு ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்பது பத்து நாள் ஆகியிருக்கிறது. கணவர் இந்த வருடம் முதல் வரிக் கணக்குத் தாக்கல் செய்யப்போகிறார். மாமியாரிடம் அடுத்த தைக்குள் என்று சொல்லியிருக்கிறேன்.

விடுதலைப் பத்திரம் எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும் ஐயா?

ஓய்வுபெற்ற கடன் அதிகாரி:

1998 பத்திரத்தில் உள்ள சர்வே எண், உட்பிரிவு எண், நான்கெல்லை, பரப்பளவு ஆகியவை பட்டாவோடும் புலப்படத்தோடும் (வருவாய்த் துறையின் நில அளவை வரைபடம்) ஒத்துப்போகின்றனவா என்று எழுதுவதற்கு முன்பே பாருங்கள். உட்பிரிவு எண் மாறியிருந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழில் மூன்று பேரின் பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும், தலைப்பெழுத்து உட்பட. மனைமேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை 30 வருடத்துக்குப் போடுங்கள். குடும்பத்துக்குள் எழுதுவதால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு, பத்திர எழுத்தரிடம் அதை நினைவூட்டுங்கள். பதிவுக்கு முன் நகலை வங்கி வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.