ஒலி வடிவமைப்புப் பாடத்தை சேர்ந்து நடத்த சவுண்ட் எடிட்டர் தேவை

வணக்கம் நண்பர்களே. நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையில் பாடம் எடுக்கிறேன். புனே திரைப்படக் கல்லூரி 1960இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்திலேயே தொடங்கியது. ஸ்டூடியோவும் வகுப்பறையும் அப்படிப் பக்கத்தில் இருக்கும் வசதி எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை.

பூம் மைக் பிடிப்பார்கள், டைம்லைனில் நன்றாகவே வெட்டுவார்கள். ஆனால் டயலாக் எடுத்து முடித்ததும் யாரும் அசையாமல் நின்று அரை நிமிஷம் ரூம் டோன் (வெட்டுகளுக்கு நடுவே நிரப்ப, அந்த இடத்தின் வெறும் பின்னணிச் சத்தம்) பதிவு செய்யச் சொன்னால், "எதுக்கு சார், ஒண்ணும் கேக்கலையே" என்கிறார்கள். இரண்டு ஷாட்டுக்கு நடுவில் சத்தம் பொசுக்கென்று அறுந்து போவதை மிக்ஸிங்கில் உட்கார்ந்து காதால் கேட்டால்தான் அது புரியும்.

ஒருநாள் வந்து பேசிவிட்டுப் போகும் சிறப்புரை வேண்டாம். ஒரு குறும்படத்தின் ஒலியை ஃபோலியிலிருந்து (காலடி, கதவு போன்ற சத்தங்களைப் படத்தைப் பார்த்துத் தனியே பதிவு செய்வது) கடைசி மிக்ஸ் வரை மாணவர்களோடு கூட இருந்து முடித்துத் தருகிற சவுண்ட் எடிட்டர் யாராவது வர முடியுமா? உழைப்புக்கு உரிய சம்பளம் கட்டாயம் உண்டு.

படப்பிடிப்பில் மாணவர்களை உதவிக்கு நிறுத்த பெப்சி (FEFSI, தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) சங்கங்களிடம் எப்படிப் பேசுவது என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாணவர் படத்துக்காக ஸ்டூடியோவோடு ஒப்பந்தம் போட்ட ஆசிரியர்கள் இருந்தால், அதில் படத்தின் உரிமை பற்றிய பத்தியை மட்டுமாவது அனுப்புங்கள். உரிமை மாணவர்களிடமே இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.