பூலில் லாகின் செய்தால் டெஸ்க்டாப் காலியாக வருகிறது, மாணவர்களின் ஃபைல்களைக் காணோம் (அவசரம்)

லேப்_கோவை:
வணக்கம். எங்கள் கல்லூரி லேபில் விடிஐ ஓடுகிறது, அதாவது மாணவர்களின் டெஸ்க்டாப்கள் எல்லாம் சர்வரில்தான். மதியத்திலிருந்து சில மாணவர்களுக்கு மட்டும் டெஸ்க்டாப் புத்தம் புதிதாக வருகிறது. புக்மார்க், டாக்குமென்ட்ஸ் எதுவும் இல்லை. ஸ்டோரேஜில் இடம் நிறைய இருக்கிறது. பூலை (அந்த டெஸ்க்டாப் மெஷின்களின் தொகுப்பை) மொத்தமாக ரீஃப்ரெஷ் செய்து புதிதாக்கிவிடலாமா? நாளை ப்ராஜெக்ட் ரிவ்யூ. உடனே சொல்லுங்கள்.

அகிலா_விடிஐ:
ரீஃப்ரெஷ் வேண்டாம்! காலி டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து மதியத்திலிருந்து அவர்கள் சேமித்ததெல்லாம் இப்போது அந்த மெஷினில் மட்டும்தான் இருக்கும். ரீஃப்ரெஷ் செய்தால் அதுவும் போய்விடும். அவர்களை லாக்ஆஃப் செய்யவும் விடாதீர்கள். அப்புறம், எந்த விடிஐ, எந்த வகைப் பூல், ப்ரொஃபைலை (ஒவ்வொருவரின் ஃபைல்கள், செட்டிங்குகள்) எதில் வைத்திருக்கிறீர்கள்?

ஸ்டோரேஜ்_சுந்தர்:
பெர்மிஷன்தான், வேறெதுவும் இல்லை. ப்ரொஃபைல்கள் இருக்கும் ஷேரின் மேல் ஃபோல்டரில் யூசர்களுக்கு மாடிஃபை, அந்த ஃபோல்டருக்கு மட்டும். கிரியேட்டர் ஓனருக்கு மாடிஃபை, உள் ஃபோல்டர்களுக்கும் ஃபைல்களுக்கும் மட்டும். இதை யாரோ மாற்றியிருப்பார்கள்.

கேபிள்ராஜா:
ஆன்டிவைரஸைப் பாருங்கள். ஷேரில் இருக்கும் விஹெச்டிஎக்ஸ் ஃபைல்களை (ஒவ்வொருவரின் ப்ரொஃபைலும் அடங்கிய டிஸ்க் ஃபைல்) அது ஸ்கேன் செய்துகொண்டிருந்தால் லாகின் நேரத்தில் ஏறாது. நான் பார்த்த கேஸ்களில் பாதி இதுதான்.

பழைய_அட்மின்:
தம்பி, "விடிஐ ஓடுகிறது" என்றால் எங்களுக்கு என்ன தெரியும்? தயாரிப்பு, வெர்ஷன், லாக் ஃபைல் எதுவும் தராமல் அவசரம் என்று மட்டும் எழுதினால் எப்படி? ப்ரொஃபைலை ஏற்றித் தருவது எஃப்எஸ்லாஜிக்ஸ் என்றால் ப்ரோகிராம்டேட்டாவுக்குள் லாக்ஸ் ஃபோல்டர் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். நிர்வாகம் செய்பவர்கள் முதலில் கற்க வேண்டியது அதைத்தான்.

லேப்_கோவை:
மன்னிக்கவும் சார், அவசரத்தில் எழுதிவிட்டேன். விடிஐ ஹொரைசன், இன்ஸ்டன்ட் க்ளோன் (ஒரே மூலத்திலிருந்து உடனுக்குடன் உருவாகும் மெஷின்கள்), ஃப்ளோட்டிங் பூல் (யாருக்கும் நிலையான மெஷின் இல்லை). ப்ரொஃபைல் எஃப்எஸ்லாஜிக்ஸில், விண்டோஸ் ஃபைல் சர்வர் ஷேரில். லாக்கில் ERROR என்ற இடத்தில் 00000020 என்று இருக்கிறது.

அகிலா_விடிஐ:
சரி, இது உதவும். அந்த 20 ஹெக்ஸ் (16 அடிப்படை) எண், நம் கணக்கில் 32. ஃபைலை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்று பொருள். பெர்மிஷன் சிக்கல் என்றால் 00000005 வந்திருக்கும். இரண்டு கேள்விகள். காலியாக வருபவர்களுக்கு லாகின் வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக ஆகிறதா? அந்த மாணவர்களுக்கு இன்னொரு பூலிலும் அனுமதி உண்டா? பூட்டிய ஃபைலை எஃப்எஸ்லாஜிக்ஸ் இயல்பாக 5 வினாடிக்கு ஒருமுறை, 12 தடவை முயன்று பார்க்கும். அந்த ஒரு நிமிடம் கழித்தும் கிடைக்காவிட்டால் கன்டெய்னர் (அந்த விஹெச்டிஎக்ஸ்) இல்லாமலேயே உள்ளே விட்டுவிடும்.

லேப்_கோவை:
ஆமாம், ரொம்ப நேரம் சுற்றுகிறது! இரண்டு பூல் உண்டு. காலையில் புரோகிராமிங் பூல், மதியம் கேட் (கணினி வரைபட) பூல். இரண்டுக்கும் ஒரே ஷேர்.

கேபிள்ராஜா:
இதற்குத்தான் ஆளுக்கொரு டெஸ்க்டாப் கொடுங்கள் என்று நான் எப்போதும் சொல்கிறேன். டெடிகேட்டட் பூல் என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

பழைய_அட்மின்:
கல்லூரியில் ஆளுக்கொரு மெஷினா? பேட்ச் போடுவது யார், டிஸ்க் வாங்கித் தருவது யார்? ஃப்ளோட்டிங் பூல்தான் சரி. எஃப்எஸ்லாஜிக்ஸில் ப்ரொஃபைல் டைப்பை 3 ஆக மாற்றினால் போதும். எழுதும் உரிமை கிடைக்காதவருக்கு, படிக்க மட்டும் உரிமையுடன் ப்ரொஃபைல் ஏறிவிடும்.

அகிலா_விடிஐ:
பழைய_அட்மின் சார், இந்த இடத்தில் அது கூடாது. இரண்டாவது செஷனில் மாணவர் எழுதுவதெல்லாம் தற்காலிக டிஸ்க்குக்குப் போய், லாக்ஆஃப் ஆனதும் அழிந்துவிடும். இப்போது டெஸ்க்டாப் காலியாக வருவதால் ஏதோ தவறு என்றாவது அவர்களுக்குத் தெரிகிறது. அப்படிச் செய்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்து, மறுநாள் வேலை காணாமல் போயிருக்கும்.

கேபிள்ராஜா:
டிஸ்க் செலவைவிட மாணவர்களின் வேலை பெரிது. நான் சொன்னதில் மாற்றமில்லை.

அகிலா_விடிஐ:
அந்த விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், இவருக்கு நேரமில்லை. கோவை, வரிசையாகச் செய்யுங்கள். முதலில், காலி டெஸ்க்டாப் வந்தவர்களை மெஷினிலேயே இருக்கச் சொல்லி, சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரிலிருந்து அவர்கள் ஃபைல்களை வேறு ஷேருக்கு நகலெடுங்கள். லோக்கல் என்று தொடங்கும் ஃபோல்டரை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், கன்டெய்னர் ஒழுங்காக ஏறியவர்களுக்கும் அது இருக்கும்.

அடுத்து, ஃபைல் சர்வரில் திறந்திருக்கும் ஃபைல்களின் பட்டியலைப் பாருங்கள். விஹெச்டிஎக்ஸை எந்த மெஷின் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியும். காலைப் பூல் மெஷினாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாணவர்கள் தின் கிளையன்ட்டை (மேசையிலுள்ள சிறு கணினியை) அப்படியே அணைத்துவிட்டுப் போனால் செஷன் டிஸ்கனெக்ட் ஆகுமே தவிர முடிவடையாது. ஹொரைசன் கன்சோலிலிருந்து அந்தச் செஷனை லாக்ஆஃப் செய்யுங்கள். சர்வர் பக்கத்திலிருந்து ஃபைலை வலுக்கட்டாயமாக மூடாதீர்கள். செஷன் உயிரோடு இருக்கும்போது மூடினால் விஹெச்டிஎக்ஸே கெட்டுப்போகலாம்.

பூல் அமைப்பில், டிஸ்கனெக்ட் ஆனபின் தானாக லாக்ஆஃப் என்ற இடத்தில் என்ன இருக்கிறது?

லேப்_கோவை:
நெவர்.

அகிலா_விடிஐ:
அதை 15 நிமிடம் போல வையுங்கள், இரண்டு பூலிலும். கூடவே ரெஜிஸ்ட்ரியில் பிரிவென்ட்-லாகின்-வித்-ஃபெயிலியர், பிரிவென்ட்-லாகின்-வித்-டெம்ப்-ப்ரொஃபைல் இரண்டையும் 1 ஆக்கி, மாஸ்டர் இமேஜிலேயே (மெஷின்கள் உருவாகும் மூலப் பிரதியிலேயே) போட்டுவிடுங்கள். கன்டெய்னர் ஏறாவிட்டால் மாணவர் உள்ளே போக முடியாது, உங்களைக் கூப்பிடுவார். சத்தம் வரும், ஆனால் யார் வேலையும் தொலையாது. கேபிள்ராஜா சொன்ன சிக்கல் வராமலிருக்க, விஹெச்டிஎக்ஸை ஸ்கேன் செய்யாதபடி ஆன்டிவைரஸ் விலக்கும் இருக்கட்டும், அது எப்படியும் தேவை.

லேப்_கோவை:
காலைப் பூல்தான். டிஸ்கனெக்ட் ஆன செஷன்களை லாக்ஆஃப் செய்ததும் எல்லோருக்கும் பழைய டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஃபைல்களையும் எடுத்துவிட்டேன். ஒரு மாணவி மட்டும் நான் இங்கே கேட்பதற்கு முன்பே லாக்ஆஃப் செய்திருந்தார், அவருடைய மதிய வேலை கிடைக்கவில்லை. நன்றி அக்கா, லேபுக்கு ஓடுகிறேன்.

அகிலா_விடிஐ:
அந்த மாணவியின் ரிவ்யூவைத் தள்ளிவைக்கச் சொல்லி, காரணத்தைத் துறைக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். அவர் மேல் தவறு இல்லை.

புதியவன்_27:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் எனக்கு 00000005 வருகிறது. லாக்ஆஃப் நேரத்தை மாற்றினால் போதுமா?

ஸ்டோரேஜ்_சுந்தர்:
போதாது. உங்களுடையது பெர்மிஷன். புது இழை தொடங்கி, ஷேர் பெர்மிஷன், என்டிஎஃப்எஸ் (ஃபோல்டரின் சொந்த) பெர்மிஷன் இரண்டின் படத்தையும் போடுங்கள், பார்க்கிறேன்.