பேரணாம்பட்டுத் தோல் ஆலைக்கான ஐந்தாண்டு நிதி மதிப்பீடு: இருப்புநிலைக் குறிப்பு சமன்படவில்லை, வட்டிக் கணக்கும் சுழல்கிறது

கேள்வி (கணக்கர், பேரணாம்பட்டு)

அனைவருக்கும் வணக்கம். கூட்டாண்மை நிறுவனமாக நடைபெறும் ஒரு சிறிய தோல் பதனிடும் ஆலையில் நான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். கேஷ் கிரெடிட் (வரம்புக்குள் தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிச் செலுத்தும் வங்கிக் கடன்) வரம்பை 60 லட்சம் ரூபாயாக உயர்த்தித் தருமாறு வங்கியில் விண்ணப்பிக்க இருக்கிறோம். அதற்காக இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, ரொக்க ஓட்டம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பின்பற்றி மாறும்படி எக்செலில் ஐந்தாண்டு மதிப்பீடு தயாரித்துள்ளேன். அதில் இரண்டு சிக்கல்கள் தீரவில்லை.

முதலாண்டு இருப்புநிலைக் குறிப்பில் சொத்துக்கும் பொறுப்புக்கும் இடையே 8,40,000 ரூபாய் வேறுபாடு வருகிறது. இரண்டாம் ஆண்டில் அது 13,60,000 ஆகிறது. மேலும், கேஷ் கிரெடிட்டின் தொடக்க நிலுவை, இறுதி நிலுவை ஆகியவற்றின் சராசரிமேல் 10 சதவீத வட்டி கணக்கிடுவதால், வட்டி நிலுவையைச் சார்ந்தும் நிலுவை வட்டியைச் சார்ந்தும் நின்று, சுழற்சி எச்சரிக்கை வருகிறது. விடை நிலைபெறும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிடும் இட்டரேட்டிவ் கால்குலேஷன் வசதியை இயக்கினால் என் கணினியில் எச்சரிக்கை மறைகிறது. ஆனால் அதே கோப்பை எங்கள் பங்குதாரர் தம் கணினியில் திறந்தால் மீண்டும் தோன்றுகிறது. தொடக்க நிலுவை 40 லட்சம். வட்டிக்கு முன் அந்த ஆண்டுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 10 லட்சம்.

பதில் 1 (ஆற்காடு)

இதர சொத்துகள் என்று ஒரு வரி சேர்த்து அந்த வேறுபாட்டை அதில் வைத்துவிட்டால் சமன்பட்டுவிடும். எனக்குத் தெரிந்த சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில் 2 (கணக்காய்வுப் பணி, வாலாஜாபேட்டை)

அப்படிச் செய்ய வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பிழை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே சாட்சி அந்த வேறுபாடுதான். அதை மூடிவிட்டால், நாளை விற்பனை வளர்ச்சியை மாற்றிப் பார்க்கும்போது எந்த எண்ணையும் நம்ப முடியாது.

முதலில் வேறுபாட்டை இரண்டால் வகுத்துப் பாருங்கள். கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டால் பிழை இரு மடங்காகத்தான் தெரியும். 8,40,000-இல் பாதி 4,20,000. இரண்டாம் ஆண்டில் புதிதாகச் சேர்ந்தது 5,20,000. அதில் பாதி 2,60,000. ரொக்க ஓட்டத்தில் இவ்விரு தொகைகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் எந்த வரியில் வருகின்றன என்று தேடுங்கள். சரக்கிருப்போ கடனாளிகளோ (நமக்குப் பணம் தர வேண்டியவர்கள்) உயர்ந்தால் ரொக்கம் குறைய வேண்டும். (வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறிப் பதிவாகியிருக்கின்றனவா என்றும் பார்ப்பது எங்கள் வழக்கம்.)

வட்டிச் சுழற்சிக்கு வருகிறேன். இட்டரேட்டிவ் வசதி, எக்செலைத் தொடங்கியதும் முதலில் திறக்கப்படும் கோப்பின் அமைப்பைப் பின்பற்றும் என்பதால்தான் பங்குதாரரின் கணினியில் எச்சரிக்கை வருகிறது, வங்கியிலும் வரக்கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து, சுழலுக்குள் ஒருமுறை பிழை மதிப்பு நுழைந்துவிட்டால், காரணத்தை நீக்கிய பிறகும் அது தானாக வெளியேறாது என்பது. இந்தச் சுழலை எளிய இயற்கணிதத்தால் அவிழ்த்துவிடலாம்:

வட்டி = விகிதம் × (2 × தொடக்க நிலுவை + வட்டிக்கு முந்தைய தேவை) ÷ (2 − விகிதம்)

தங்கள் எண்களை இட்டால் 0.10 × 90 ÷ 1.90, அதாவது 4.74 லட்சம். வட்டியால் வரி குறைவதையும் சேர்க்க விரும்பினால், கூட்டாண்மை நிறுவனத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதத் தீர்வையும் சேர்ந்து 31.2 சதவீதம் என்பதால், வகுக்கும் எண் 2 − 0.10 × 0.688 ஆகும், வட்டி 4.66 லட்சமாகக் குறையும்.

பதில் 3 (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், காட்பாடி)

மேலே உள்ள சூத்திரம் சரியானது. ஆனால் அந்தச் சராசரியே தங்கள் தொழிலுக்குப் பொருந்துமா என்பதுதான் எனக்குள்ள ஐயம். வங்கி நாள்தோறும் உள்ள நிலுவைமேல் வட்டி கணக்கிட்டு, மாதந்தோறும் கணக்கில் பற்று வைக்கிறது. தங்கள் வட்டாரத்தில் பக்ரீத்தை ஒட்டித்தான் பச்சைத்தோல் குவிந்து வருகிறது. உப்பிட்டு இருப்பு வைக்கும் ஆலைகளின் கடன் அப்போதுதான் உச்சத்துக்குப் போகிறது. மார்ச் 31 அன்று உள்ள இரண்டு நிலுவைகளை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால், இடையில் எழுந்த மேடு முழுவதும் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

முதல் இரண்டு ஆண்டுகளையாவது மாதவாரியாகப் போடுங்கள். அந்தந்த மாதத் தொடக்க நிலுவைமேல் வட்டி கணக்கிட்டாலே உண்மைக்கு அருகில் வரும், சுழற்சியும் இராது. கொள்முதல் மாதத்தை நிலையாக எழுதிவிடாமல், பக்ரீத் நாளை உள்ளீட்டுத் தாளில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் ஜூன் 29, 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7 என்று அது ஆண்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள் முன்னோக்கி வருகிறது. இதே போக்கில் 2030-இல் ஏப்ரல் நடுவிலும், 2032-இல் மார்ச் மாதத்துக்குள்ளும் வந்துவிடும். அப்போது கொள்முதல் உச்சம் நிதியாண்டு இறுதிக்கு முன்பே விழுவதால், தொழில் மாறாமலே மார்ச் 31 நிலுவை திடீரென்று பெருத்துக் காட்டும்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. 4,20,000 என்பது முதலாண்டில் சரக்கிருப்பு உயர்ந்த தொகையேதான். ரொக்க ஓட்டத்தில் அதைக் கழிக்காமல் கூட்டியிருந்தேன். திருத்தியவுடன் ஐந்தாண்டுகளும் சமன்பட்டன.

மாதவாரிக் கணக்கைப் பார்த்தபோது கவலையாகிவிட்டது. ஜூன், ஜூலை மாதங்களில் நிலுவை 90 லட்சத்தைத் தொட்டு, ஆகஸ்ட் முதல் படிப்படியாக இறங்கி, நவம்பரில் 62 லட்சமாகவும் டிசம்பரில் 56 லட்சமாகவும் ஆகிறது. பன்னிரண்டு மாதச் சராசரி 65 லட்சம், வட்டி 6.50 லட்சம். நாங்கள் கேட்கவிருந்த 60 லட்சம் வரம்பு, தோல் வாங்கும் பருவத்தில் 30 லட்சம் போதாமல் போயிருக்கும். ஜூன் இறுதியில் சரக்கிருப்பு 90 லட்சம், 90 நாட்களுக்கு உட்பட்ட கடனாளிகள் 55 லட்சம், கடனீந்தோர் (நாங்கள் பணம் தர வேண்டியவர்கள்) 21 லட்சம் என்று மதிப்பிட்டுள்ளேன். இதற்கு வங்கி 90 லட்சம் தருமா?

பதில் 3 (தொடர்ச்சி)

டிராயிங் பவரை, அதாவது இருப்பையும் வரவேண்டிய பணத்தையும் வைத்து வங்கி எடுக்க விடும் உச்சத் தொகையை, கணக்கிட்டுப் பாருங்கள். சரக்கிருப்பில் கடனீந்தோரைக் கழித்து, கடனாளிகளைச் சேர்த்தால் 124 லட்சம். எல்லாவற்றுக்கும் 25 சதவீத மார்ஜின் (வங்கி கடன் தராமல் ஒதுக்கிவைக்கும் பங்கு) என்று கொண்டால் 93 லட்சம் கிடைக்கிறது; தேவையான 90 லட்சம் அதற்குள் அடங்கும். கடனாளிகளுக்கு மார்ஜின் கூடுதலாக வைக்கும் வங்கிகள் உண்டு என்பதால் அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பருவத் தொழிலுக்கு உச்சக் காலத்துக்கு ஒரு வரம்பும் மற்ற மாதங்களுக்கு ஒரு வரம்பும் கோரலாம். ஜூன் முதல் நவம்பர் வரை 90 லட்சம், பிற மாதங்களில் 60 லட்சம் என்று கேட்டு, இந்த மாதவாரித் தாளையே விண்ணப்பத்துடன் இணையுங்கள்.