டிசம்பர் லீவுக்குத் திருகோணமலையா, தென்கரையா? (ஹட்டன் பக்கமிருந்து 12 பேர், ஒரு வேன்)

நோர்வூட்_மைந்தன்:
டிசம்பர் ஸ்கூல் லீவுல 3 நாள் திருகோணமலை ட்ரிப் போடுறோம். பெரியவங்க 8 பேர், புள்ளைங்க 4 பேர். பெரியவங்கள்ல ரெண்டு பேர் 70 தாண்டினவங்க. ஹையேஸ் வேன். முதல் நாள் நிலாவெளி, ரெண்டாம் நாள் புறாத்தீவு, மூனாம் நாள் கோணேஸ்வரமும் கன்னியாவும் பார்த்துட்டுத் திரும்புறது. நாவலப்பிட்டி, கண்டி, தம்புள்ள, ஹபரண வழி. ரூமுக்கு இன்னும் அட்வான்ஸ் கட்டல. ஓட்டை இருந்தா இப்பவே சொல்லுங்க.

பண்டாரவளை_ஊவாக்காற்று:
ப்ளான் சரிதான் தம்பி, மாசம்தான் கோளாறு. நிலாவெளியும் உப்புவெளியும் கிழக்குப் பார்த்த திறந்த கடல். நவம்பர்ல தொடங்கி பெப்ரவரி வரைக்கும் வாடைக்காற்று நேரே கரையில வந்து மோதும். திருகோணமலையில வருசம் முழுக்கப் பெய்யிற மழையில பெரும்பங்கு அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலதான் விழுது. அலை எழும்பிட்டா புறாத்தீவுக்குப் போட் எடுக்க மாட்டாங்க. ஒரு நாள் எடுத்தாலும் தண்ணி கலங்கி இருக்கும், பவளப்பாறை கண்ணுக்குத் தெரியாது.  

அந்த மாசத்துல அமைதியா இருக்கிறது தென்மேற்குக் கரை. உனவட்டுன, மாத்தறைக்கிட்ட பொல்ஹேன ரெண்டும் பாருங்க. பொல்ஹேனவுல கரைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற பாறைத்திட்டு அலையை உடைச்சிடும், அதுக்கு உள்பக்கம் ஆழம் குறைவு. புள்ளைங்களோட போறவங்களுக்கு அதுதான் தோது. ரப்பர் செருப்போட இறங்கணும், இல்லாட்டி பாறை காலைக் கிழிச்சிடும்.

மாத்தளை_கடல்பைத்தியம்:
ஊவா அண்ணன் திருகோணமலைய வெறும் குளிக்கிற தொட்டியா நினைச்சுப் பேசுறார். கோணேஸ்வரத்துக்குச் சம்பந்தர் தேவாரம் இருக்கு. ஈழத்துல பாடல் பெற்ற தலம் ரெண்டுதான், மற்றது திருக்கேதீஸ்வரம். பிரட்ரிக் கோட்டைக்குள்ள மான் கூட்டம், சுவாமி மலை நுனியில இராவணன் வெட்டுன்னு சொல்ற பாறைப் பிளவு, கன்னியாவுல ஏழு வெந்நீர்க் கிணறு. இதுக்கெல்லாம் அலை அடங்கணும்னு அவசியமில்ல. கன்னியாவுல ஒவ்வொரு கிணத்துக்கும் சூடு வேற வேற, வாளியால மொண்டு ஊத்திக்கிறதுதான். மழைக்கால வானத்துக்கு அது ஆகஸ்ட் வெயில்ல குளிக்கிறத விட ஆயிரம் மடங்கு மேல்.

கடல்தான் வேணும்னா மாபிள் பீச்சுக்குப் போகலாம், குடாவுக்குள்ள ஒதுங்கி இருக்கிற இடம். டிசம்பர்ல திருகோணமலையில ரூம் பேரம் பேசி எடுக்கலாம். தென்கரையில அதே மாசம் வெளிநாட்டுக்காரங்க சீசன், ஒரு ரூம் காசுல இங்க ரெண்டு ரூம் எடுத்திடலாம். 70 வயசுக்காரங்க கடைக்காரனோட, டாக்டரோட தமிழ்ல பேசலாங்கிறதையும் கணக்குல சேருங்க.

பண்டாரவளை_ஊவாக்காற்று:
கோயில்தான் நோக்கம்னா நான் ஏன் குறுக்க நிக்கிறேன்? ஆனா அவர் போட்டிருக்கிற 3 நாள்ல 2 நாள் கடலுக்கு. அந்த ரெண்டும் மழையில போனா புள்ளைங்கள ரூமுக்குள்ள வச்சு என்ன செய்றது? மாபிள் பீச்சுலயும் சிவப்புக் கொடி பறந்தா இறங்கக் கூடாது.

கடலை விடுங்க, ரோட்டைப் பாருங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்போ நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள்ல மலை சரிஞ்சு எத்தனை பாதை அடைபட்டதுன்னு இங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல. புயல் வருசா வருசம் வராது, ஆனா அந்த மழைக்காலம் வருசா வருசம் வருது. புறப்பட முதல் நாள் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்க. மஞ்சள்னா கவனம், செம்மஞ்சள்னா பயணத்தைத் தள்ளிப் போடுங்க, சிவப்புன்னா அந்த இடத்துச் சனங்களே வெளியேறணும். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட நம்பர் 117.

கோயிலும் கடலும் சேர்ந்து வேணும்னா கதிர்காமம் இருக்கே. எங்க பக்கத்துல இருந்து எல்ல, வெல்லவாய, தனமல்வில இறங்கி, அம்பாந்தோட்டையில அதிவேக வீதி பிடிச்சு மாத்தறைக்குப் போயிடலாம். புத்தல - கதிர்காமம் காட்டு ரோட்டுல யானை வண்டியை மறிச்சுச் சாப்பாடு கேக்கும். அங்க ஜன்னல் திறந்து வாழைப்பழம் நீட்டுறவங்களாலதான் மத்தவங்களுக்கு ஆபத்து.

டிக்கோயா_ஸ்டியரிங்:
ரெண்டு பேரும் வேன் பறக்கும்னு நினைச்சுப் பேசுறீங்க. ஹட்டன்ல இருந்து திருகோணமலை கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர். கண்டி வரைக்கும் 70 சொச்சம்தான், ஆனா நேரத்தைத் தின்னுறது அந்தத் துண்டுதான். தேத்தண்ணிக்கும் வாந்திக்கும் நிறுத்தி நிறுத்திப் போனா 8 மணித்தியாலத்துக்குக் குறையாது. விடிய 3 மணிக்கு எடுத்தா மத்தியானத்துக்கு முந்திச் சேரலாம். மூனு நாள்ல ரெண்டு அரை நாள் ரோட்டுல கழியும். நீங்க வச்சிருக்கிற "மூனாம் நாள் கோணேஸ்வரம், கன்னியா, திரும்புறது" நடக்காத கதை. ஏன்னா ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில பொழுது சாய யானை ரோட்டுக்கு வரும். அந்தத் துண்டை மாலை 4 மணிக்குள்ள தாண்டணும். அப்படின்னா திருகோணமலையை விட்டு ஒரு மணிக்கே கிளம்பணும். யானை நின்னா தூரத்துலேயே நிறுத்துங்க. ஹோர்ன் வேணாம், லைட் அடிக்க வேணாம், போட்டோவுக்கு யாரும் இறங்க வேணாம்.

12 பேரும் டிரைவரும் ஏறினா ஹையேஸ்ல பைக்கு இடம் இருக்காது. கூரையில தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டணும். அவ்வளவு பாரத்தோட இறக்கத்துல பிரேக்லயே கால் வச்சிட்டு வந்தா சூடேறிப் பிடி விட்டுடும். ஏறின கியர்லயே இறங்கணும். கருகின வாடை வந்தா ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்க. அவசரப்பட்டுத் தண்ணி ஊத்தினா டிஸ்க் கோணும், வெடிக்கவும் செய்யும். வாந்திக்காரங்களுக்கு மாத்திரை ஏறுறதுக்கு அரை மணிக்கு முந்தி. வளைவுல ஏறின பிறகு குடுத்தா மாத்திரையும் சேர்ந்து வெளிய வரும்.

காலிக்குன்னா கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை போய் கடுவெலயில அதிவேக வீதி ஏறலாம். 6 மணித்தியாலம் வச்சுக்கங்க. மலைக்கு ஓடித் தேஞ்ச டயரோட அங்க 100ல போகக் கூடாது, வெடிக்கும். போறதுக்கு முதல் கராஜ்ல காட்டுங்க.

நோர்வூட்_மைந்தன்:
யானைக் கணக்கு எங்களுக்குத் தோணவே இல்ல அண்ணே. அப்ப ஒரு கேள்வி: பெரியவங்களுக்குக் கோணேஸ்வரம் விட மனசில்ல, புள்ளைங்களுக்குக் கடல். திருகோணமலைய ஆகஸ்டுக்குத் தள்ளினா ரெண்டும் கிடைக்குமா?

பண்டாரவளை_ஊவாக்காற்று:
கிடைக்கும். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மழையைக் கொட்டிட்டு மலையைத் தாண்டி இறங்குற அதே காற்று, ஈரம் வத்திச் சூடேறித்தான் கிழக்குக்கு வருது. அங்க அதைக் கச்சான்னு சொல்றாங்க. தரைப்பக்கம் இருந்து அடிக்கிறதால கரையோரத்துல அலை எழும்பாது.

புறாத்தீவுக்குக் காலையில முதல் போட்ல போங்க, பிந்தினா சனமும் கூடும், காற்றும் கூடும். 2003ல தேசியப் பூங்காவாக்கின இடம். போட் காசு வேற, வனசீவராசிகள் திணைக்கள டிக்கட் வேற. எல்லாருக்கும் லைஃப் ஜாக்கட் இருக்கான்னு எண்ணிப் பார்த்துட்டு ஏறுங்க. பவளப்பாறை மேல நிக்கக் கூடாது: அதுவும் உடையும், காலும் வெட்டுப்பட்டுச் சீழ் பிடிக்கும். கருந்துடுப்புச் சுறா சின்னதா ஓரத்துல சுத்தும், துரத்தாம விட்டா அது பாட்டுக்குப் போயிடும்.

மாத்தளை_கடல்பைத்தியம்:
கச்சானைப் பத்தி அண்ணன் காற்றோட நல்ல பக்கத்தை மட்டும் சொல்றார். 35 பாகைக்கு மேல போகும். குளிர்ல வளர்ந்த புள்ளைக்கும் 70 வயசுக்கும் அது விளையாட்டு இல்ல. 11ல இருந்து 3 மணி வரைக்கும் நிழல்ல இருக்கணும், கடல்ல இறங்குறப்போ முழுக்கை டீ சேர்ட். ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புக் கரைசல் தூள்) பக்கெட் கையில இருக்கட்டும், ஒன்றுக்கு ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணி. அரைக் கோப்பையில கரைச்சா உப்புக் கூடி வேற வருத்தம் வரும். அதோட ஆகஸ்ட்ல ரூம் விலை ஏறிடும், கண்டியில பெரஹர நடக்கிற நாள்ல மாட்டினா பாதி நாள் போச்சு.

என்னைக் கேட்டா ஏப்ரல். ரெண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாசம், கிழக்குக் கடல் ரொம்ப அடங்கி இருக்கும். நுவரெலியா சீசனுக்கு ஊரே மேல ஏறும், நீங்க கீழ இறங்குவீங்க.

டிக்கோயா_ஸ்டியரிங்:
ஏப்ரல்ல புதுவருசத்துக்கு எந்த டிரைவர் வீட்டை விட்டு வருவான்? வந்தாலும் ஹயர் ரெட்டிப்பு. ஆகஸ்ட்தான் சரி. பெரஹரவுக்குப் பயந்தா பேராதனையில இருந்து ஹல்லொலுவ வழியா கட்டுகஸ்தோட்டைக்குப் போயிடுங்க, டவுனுக்குள்ள நுழையவே வேணாம்.

நாள் வரிசையையும் மாத்துங்க. சேர்ற அன்னைக்குப் பின்னேரம் கோணேஸ்வரம். மத்தியானம் நடை சாத்தியிருக்கும், பின்னேரம்னா வெயிலும் தாழ்ந்திடும். ஏற்றத்துக்குப் பெரியவங்கள ஆட்டோவுல அனுப்புங்க. ரெண்டாம் நாள் விடியப் புறாத்தீவு, பின்னேரம் உப்புவெளி. மூனாம் நாள் காலை 7 மணிக்குக் கன்னியா, அங்கிருந்து நேரே வீடு.

நோர்வூட்_மைந்தன்:
முடிவு: டிசம்பருக்குப் பொல்ஹேன 2 நாள், திருகோணமலை ஆகஸ்ட்ல இந்த வரிசையில. மாத்தளை அண்ணன் கோவிச்சுக்க வேணாம்.

மாத்தளை_கடல்பைத்தியம்:
கோவம் இல்ல, டிசம்பர் 25ல இருந்து ஜனவரி 1 வரைக்கும் பொல்ஹேனவுல விலை கேட்டுட்டு வந்து பேசுங்க.

டிக்கோயா_ஸ்டியரிங்:
எங்க ரூம் எடுத்தாலும் டிரைவருக்குப் படுக்க இடம் தருவாங்களான்னு முதல்ல கேளுங்க. ராத்திரி வேன் சீட்டுல தூங்கினவன் கையிலதான் மறுநாள் 12 உயிர். வேன்காரரோட பேசுறப்போ மொத்தக் கிலோமீட்டர், அதுக்கு மேல போனா கிலோமீட்டருக்கு என்ன, டிரைவர் சாப்பாடு யார் பொறுப்பு, மூனையும் ஒரு மெசேஜ்ல எழுதி வாங்கிடுங்க.