74 வயசு அப்பா தானே இன்சுலின் போடுறார்: தொடரலாமா, நாங்க எடுத்துக்கணுமா?

தக்கலைக்காரன்
அப்பாவுக்கு 30/70 மிக்ஸ் இன்சுலின் (30% சீக்கிரம் வேலை செய்யற தெளிஞ்ச மருந்து, 70% மெதுவா வேலை செய்யற வெள்ளை மருந்து). காலையில 20 யூனிட், ராத்திரி 12. குப்பியும் சிரிஞ்சும்தான், இன்சுலின் பேனா கிடையாது. கண் கொஞ்சம் மங்கல், ஆனா யாரையும் தொடவிட மாட்டார். வெறும் வயித்துல சர்க்கரை ஒருநாள் 90, மறுநாள் 240. ராத்திரி சாப்பாடு ஒண்ணும் மாறலை. இனி நாங்களே போட்டுவிடட்டுமா?

மருந்துக்கடை மார்த்தாண்டம்
அண்ணே, அவசரப்பட்டு பறிக்காதீங்க. முதல்ல பக்கத்துல உட்கார்ந்து, வாய் திறக்காம அவர் செய்யறதை ஒருதடவை பாருங்க.

சிரிஞ்ச் மூடியோட நிறம் என்ன? குப்பியில மில்லிக்கு 40 யூனிட்னு போட்டிருந்தா சிவப்பு மூடி சிரிஞ்ச்தான். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடியில 20 கோடு வரை இழுத்தா உடம்புக்குள்ள போறது வெறும் 8 யூனிட். 100 மருந்தை சிவப்பு மூடியில 20 கோடு இழுத்தா 50 யூனிட் போகும், ஆளையே சாய்ச்சிடும். ரெண்டு வகையும் ஒரே டப்பாவுல கிடக்கவே கூடாது.

அடுத்து, கலக்குறது. 30/70 அசையாம இருந்தா வெள்ளை அடியில படிஞ்சு மேலே தெளிஞ்சிடும். உள்ளங்கையில 10 தடவை உருட்டி, 10 தடவை தலைகீழா சாய்ச்சு, முழுக்க பால் மாதிரி ஆனபிறகுதான் இழுக்கணும். குலுக்கினா காத்துக்குமிழி வந்து அளவு குறையும். படிஞ்சபடியே இழுத்தா ஒருநாள் தெளிஞ்சது அதிகம், மறுநாள் வெள்ளை அதிகம். உங்க 90, 240 விளையாட்டுக்கு இது ஒண்ணே போதும்.

வார்டு சிஸ்டர்
மேலே சொன்னது சரி. அதோட வயித்தையும் தடவிப் பாருங்க. வலிக்காத இடம்னு தினமும் ஒரே இடத்துல குத்தியிருப்பார். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு ரப்பர் துண்டு மாதிரி கட்டி தட்டும். அங்க போட்ட மருந்தை உடம்பு ஒருநாள் இழுத்துக்கும், ஒருநாள் இழுத்துக்காது. தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளி, தினமும் ஒரு விரல் இடம் மாத்திப் போடணும். ஆனா கட்டி இல்லாத இடத்துக்கு மாறினதும் அதே 12 யூனிட் கூடுதலா வேலை செய்யலாம். டாக்டர்ட்ட சொல்லிட்டு மாத்துங்க.

எனக்கு அதிக கவலை தாழ்சர்க்கரைதான். இந்த வயசுல வேர்வையும் நடுக்கமும் சரியா காட்டாது. பேச்சு குழறல், சிடுசிடுப்பு, தள்ளாட்டம்னுதான் வரும். வீட்டுல "வயசாச்சு"ன்னு விட்டுடுவாங்க. உடனே மீட்டர் வைங்க. 70க்குக் கீழேன்னா 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில கரைச்சு கொடுத்து, 15 நிமிஷத்துல திரும்பப் பாருங்க. மட்டிப்பழம், பால் எல்லாம் அதுக்கப்புறம். விழுங்க முடியலைன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108தான். அதனாலதான் மறதியும் பல நோயும் உள்ளவங்களுக்கு மூணு மாச சர்க்கரை சராசரி (HbA1c) 8% வரை இருந்தாலும் டாக்டர்கள் விட்டுப்பிடிப்பாங்க. 7க்குக் கீழே கொண்டுவர அடம்பிடிக்க வேண்டாம்.

குழித்துறை டயட்
ராத்திரி சாப்பாடு மாறலைன்னு எப்படிச் சொல்றீங்க? சோத்துக்குப் பதில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும்னா அது பெரிய மாற்றம். 100 கிராம் வடிச்ச சோறுல சுமார் 28 கிராம் மாவுச்சத்து, அதே எடை பச்சை மரச்சீனியில 38. மறுநாள் வயிறு சரியில்லைன்னு கஞ்சித்தண்ணியோட நிறுத்திட்டு அதே 12 போட்டா நடுராத்திரி இறங்கிடும். சரியா சாப்பிடாத நாளுக்கு எத்தனை யூனிட்னு டாக்டர்ட்ட முன்கூட்டியே எழுதி வாங்கி பிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் அரைமணி இடைவெளி. சாயாவைக் குடிச்சிட்டு தூங்கிடக் கூடாது.

தக்கலைக்காரன்
மூடி சிவப்புதான். உருட்டுறதே இல்ல, நேரா இழுக்கிறார். இடது பக்கம் கட்டி இருக்கு. கண்ணுக்கு என்ன செய்ய?

வார்டு சிஸ்டர்
கண்புரையா, விழித்திரையான்னு முதல்ல காட்டுங்க. அதுவரை அவர் இழுக்கட்டும், கோட்டை நீங்க பார்த்து "சரி"ன்னா குத்தட்டும். பேனாவுக்கு மாறினாலும் கிளிக் சத்தத்தை எண்ணி அளவு வைக்க விடாதீங்க, எண்ணை யாராவது பார்க்கணும்.